கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு 2 கிலோவாட் சோலார் போதுமா, 3 வேண்டுமா? பேக்கேஜ்கள் ஒரு மதிப்பீடு

மஞ்சக்குப்பத்தில் கேட்டாலும் லாஸ்பேட்டையில் கேட்டாலும் சோலார் கம்பெனிக்காரர்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "மூணு கிலோவாட் போட்டுடுங்க சார், சப்சிடி எழுபத்தெட்டாயிரம் வருது, பில்லு ஜீரோ." கடைசி பில்லில் எத்தனை யூனிட், எத்தனை ஏசி, மாடியில் தென்னை நிழல் விழுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு அளவு சொல்பவர்கள் குறைவு. வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தின் மானியம் 3 கிலோவாட்டோடு நின்றுவிடுவதால் விற்பனையும் அங்கேயே கூடாரம் போட்டுவிட்டது.

இந்த வட்டாரத்தில் ஆன்-கிரிட் முறையில், அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும்படி, விற்கப்படும் 1, 2, 3, 5 கிலோவாட் பேக்கேஜ்களை வீட்டுக்கு வீடு வைத்துப் பார்த்ததில் எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாடு இ.பி. இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 600 முதல் 850 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட்தான் சரியான அளவு. 900 யூனிட்டைத் தொட்டால் 3 கிலோவாட். 5 கிலோவாட்டுக்கு வலுவான காரணம் வேண்டும். 1 கிலோவாட் கணக்கில் நன்றாக இருக்கும், கருவியில் இடிக்கும். புதுச்சேரி மின்துறை இணைப்புக்குக் கணக்கே வேறு.

ஏன் 2, ஏன் 3

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101 முதல் 400 வரை மொத்தமும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. இது 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிந்தைய கணக்கு.

பேனல் தரும் யூனிட் முதலில் வெட்டுவது மேல் படியை. ஆகவே முதல் கிலோவாட் சம்பாதிக்கும் பணமும் மூன்றாவது கிலோவாட் சம்பாதிக்கும் பணமும் ஒன்றல்ல. எல்லாக் கிலோவாட்டும் ஒரே லாபம் தரும் என்று எண்ணித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இரு மாதத்துக்கு 780 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏசி, பிரிட்ஜ், மோட்டார், நாலைந்து மின்விசிறி உள்ள சாதாரண வீடு. யூனிட் கட்டணம் மட்டும் 4,581 ரூபாய். நம் பகுதியில் 1 கிலோவாட் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், இரு மாதத்துக்கு 240. 1 கிலோவாட் போட்டால் நிகர யூனிட் 540, பில் 2,376. மிச்சம் 2,205 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் நிகரம் 300. ஐந்நூறுக்குக் கீழே இறங்கிவிட்டதால் 2.35 சலுகையும் திரும்பி வரும், பில் 705 ரூபாய்தான். இரண்டாவது கிலோவாட் தந்த கூடுதல் மிச்சம் 1,671. மூன்றாவதையும் போட்டால் நிகரம் 60 யூனிட், பில் பூஜ்யம். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தியது வெறும் 705 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 4,230. முதல் கிலோவாட் ஆண்டுக்கு 13,230 தருகிறது. இதில் யூனிட் கட்டணம் மட்டுமே இருக்கிறது, பில்லில் வரும் மற்ற சேர்க்கைகள் இல்லை.

மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000 ரூபாய்தான். முதல் இரண்டுக்குத் தலா 30,000. விலை ஏறக்குறைய ஒன்றே, மானியம் குறைவு, வருமானம் மூன்றில் ஒரு பங்கு. இந்த வீட்டுக்கு 3 கிலோவாட்டைத் தள்ளுபவர் தன் விற்பனையைத்தான் பார்க்கிறார்.

அதே கணக்கை 1,000 யூனிட் வீட்டுக்குப் போட்டால் படம் மாறிவிடும். பில் 6,870. முதல் கிலோவாட் 2,478, இரண்டாவது 2,184, மூன்றாவது 1,597 என மிச்சப்படுத்தும். நான்காவது 611 மட்டும். இங்கே 3 கிலோவாட் பொருந்துகிறது.

இரண்டு கணக்கிலிருந்தும் கிடைக்கும் சூத்திரம் எளிது. இரு மாத யூனிட்டிலிருந்து 250 கழியுங்கள், மீதியை 240 ஆல் வகுங்கள். 780 என்றால் 2.2. 1,000 என்றால் 3.1. 1,450 என்றால் 5. அந்த 250 யூனிட்டை இ.பி.யிடமே வாங்கிக்கொள்வது மலிவு. ஒரு பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓராண்டின் ஆறு பில்களையும் கூட்டி ஆறால் வகுத்த சராசரிதான் வேண்டும். ஏப்ரல், மே மாத பில்லை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு அளவு சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

தேவைக்கு மேல் போட்டு இ.பி.க்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். உபரி யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், கணக்கில் கழியும். ஆண்டுக் கணக்கு முடியும்போது மிஞ்சுவதற்குக் கிடைப்பது நீங்கள் மேல் படியில் கொடுக்கும் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

புதுச்சேரியில் மாதா மாதம் பில், கட்டணத்தைத் தீர்மானிப்பது யூனியன் பிரதேசங்களுக்கான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். படிகள் நூறு நூறாக ஏறும். ஐந்நூறைத் தாண்டினால் சலுகை பறிபோகும் அந்தப் பள்ளம் இங்கே இல்லை, ஆகவே மேல் படியை வெட்டுவதால் வரும் லாபமும் தமிழ்நாட்டு அளவுக்குச் செங்குத்தாக இருக்காது. மாத யூனிட்டில் 100 கழித்து 120 ஆல் வகுத்தால் போதுமான அளவு வரும். பாகூரில் இருப்பவரும் பக்கத்துத் தூக்கணாம்பாக்கத்தில் இருப்பவரும் ஒரே அளவு வீடு, ஒரே ஏசி வைத்திருந்தாலும் ஒரே பேக்கேஜ் இருவருக்கும் பொருந்தாமல் போகலாம். தூக்கணாம்பாக்கம் கடலூர் மாவட்டம், பாகூர் புதுச்சேரி. கொட்டேஷன் தருபவர் இதைக் கேட்காமலே 'இத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும்' என்று சொன்னால் அது வேறு யாருக்கோ போட்ட கணக்கு.

பேனலுக்கு முன் மின்விசிறி

பழைய மின்விசிறி 75 வாட். மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி விசிறி அதே காற்றுக்கு 28 முதல் 30 வாட். ஐந்து விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் ஏறக்குறைய 2.7 யூனிட், இரு மாதத்துக்கு 160க்கு மேல். ஏறக்குறைய 0.7 கிலோவாட் பேனல் தருவதை ஐந்து விசிறி தருகிறது, செலவு 15,000 ரூபாய் சுற்றளவில். காற்றடித்தால் பறக்காது, துடைக்க மாடி ஏற வேண்டாம். விசிறியை மாற்றி ஒரு பில் வந்த பிறகு சோலார் அளவை முடிவு செய்தால் பலருக்கு 3 கிலோவாட் 2 ஆகிவிடும்.

ஏசியைப் பொறுத்தவரை 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு 8 மணி நேரத்துக்கு 6 யூனிட் வாக்கில் எடுக்கும். இரவில் ஓடினாலும் பகலில் அனுப்பிய யூனிட்டில் கழியும், ஆகவே ஆன்-கிரிட்டில் இரவு பகல் பார்க்கத் தேவையில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் மின்சார ஸ்கூட்டரோ இரண்டாவது ஏசியோ வருவது உறுதியானால் அதையும் கணக்கில் சேருங்கள். வரலாம் என்ற ஆசைக்கெல்லாம் பேனல் வாங்க வேண்டாம்.

பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக

*1 கிலோவாட்.* இரு மாதத்துக்கு 450, 500 யூனிட் ஓடும் வீட்டுக்குக் காகிதத்தில் பொருத்தம். சிக்கல் மின்னழுத்தத்தில். 540 வாட் பேனல் ஒன்றின் இயங்கு மின்னழுத்தம் 41, 42 வோல்ட். இரண்டைத் தொடராக இணைத்தால் 83. மதிய வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும்போது அது 72 வோல்ட் அளவுக்கு இறங்கும். பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சோலார் இன்வெர்ட்டர்களில் பல, வேலையைத் தொடங்கவே அதற்கு மேல் கேட்கும். விளைவு, காலையில் தாமதமாக விழித்து, வெயில் ஏறும்போது தடுமாறி, மேகம் வந்தால் தூங்கிவிடும். 1 கிலோவாட்தான் வேண்டும் என்றால் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கும் இன்வெர்ட்டரா என்று அதன் தரவுத்தாளில் தொடக்க மின்னழுத்தத்தைப் பாருங்கள், அல்லது பேனலுக்கு அடியிலேயே மாட்டும் சிறிய மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் 4 சிறிய பேனல்களாகப் போட்டுத் தொடரை நீட்டலாம்.

*2 கிலோவாட்.* 540 வாட் பேனல் நான்கு, மொத்தம் 2.16 கிலோவாட். தொடரில் 166 வோல்ட், சூட்டில் 145. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்கள் சுகமாக ஓடும். மாடியில் பேனல் மட்டும் 110 சதுர அடி பிடிக்கும், நடக்க இடம் விட்டு 170 வைத்துக்கொள்ளுங்கள். மானியம் 60,000. மானியம் போகக் கையிலிருந்து 70,000 முதல் 90,000 வரை ஆகும். திருப்பாதிரிப்புலியூர் மாதிரி நெருக்கமான தெருக்களில் மாடியின் கிழக்கு, மேற்கு இரண்டு பக்கமும் பக்கத்து வீடு மறைக்கும். நடுவில் நிழலில்லாமல் கிடைப்பது பெரும்பாலும் நாலு பேனலுக்கான இடம்தான். அங்கே ஆறு பேனலைத் திணித்து இரண்டை நிழலில் வைப்பதைவிட இது மேல். தொடரில் ஒரு பேனல் நிழலில் மாட்டினாலும் மற்றவற்றின் உற்பத்தியையும் சேர்த்து இழுத்துவிடும்.

இன்வெர்ட்டரை மட்டும் 3 கிலோவாட்டாக வாங்கிவிட்டால் பிறகு பேனல் சேர்க்கலாமே என்பார்கள். சேர்க்கலாம். ஆனால் பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம், பிறகு சேர்ப்பதற்கு மறுபடியும் இ.பி. ஒப்புதல் வேண்டும், இரண்டு வருடம் கழித்து அதே மாடல் பேனல் சந்தையில் இருக்காது.

*3 கிலோவாட்.* ஆறு பேனல், 3.24 கிலோவாட், மானியம் 78,000. மானியத்துக்கு முன் 1.8 முதல் 2.1 லட்சம் கேட்கிறார்கள். நல்ல பொருள், 900 யூனிட் வீட்டுக்கு. இதில் கவனிக்க வேண்டிய தந்திரம் ஒன்று: ஐந்து பேனல் போட்டு '3 கிலோவாட் பேக்கேஜ்' என்று விற்பது. இன்வெர்ட்டர் 3 கிலோவாட், பேனல் 2.7. மானியம் 60,000 கூட்டல் 0.7 கிலோவாட்டுக்கு 12,600, ஆக 72,600 தான் வரும். கொட்டேஷனில் பேனல் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் வாட்டையும் பெருக்கிப் பாருங்கள்.

*5 கிலோவாட்.* மானியம் அதே 78,000. ஒன்பது அல்லது பத்துப் பேனல், நடக்கும் இடத்தோடு 400 சதுர அடிக்கு மேல். மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டரே வாங்குங்கள், 5 கிலோவாட்டையும் ஒரே ஃபேஸில் தள்ளினால் மதியத்தில் அந்த ஃபேஸின் மின்னழுத்தம் ஏறி இன்வெர்ட்டர் தானாக நின்று நின்று ஓடும். ஒரு ஃபேஸ் இணைப்புக்காரர்கள் மூன்று ஃபேஸுக்கு மாறும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட லோடு பேக்கேஜைவிடக் குறைவாக இருந்தால் அது உயர்த்தப்படும் என்பதையும் பில்லில் உள்ள லோடு எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 1,400 யூனிட்டுக்குக் கீழே ஓடும் வீட்டுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்கவில்லை.

காற்றும் உப்பும்

அளவைவிட இந்த ஊரில் அதிகம் தவறுவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டமான ஸ்ட்ரக்சர்தான். தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே. கோயம்புத்தூரில் போடும் ஸ்ட்ரக்சரை இங்கே கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று என்பது வினாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். பேனலின் பரப்பு 2.58 சதுர மீட்டர். ஆக ஒரு பேனலை மட்டும் ஏறக்குறைய 390 கிலோ எடைக்குச் சமமான விசை தூக்கப் பார்க்கும். ஆறு பேனலுக்கு 2.3 டன். சில கம்பெனிகள் மாடியில் ஓட்டை போடாமல், தலா 50 கிலோவில் ஆறு கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தித் தருகின்றன. கட்டை 300 கிலோ, பேனலும் இரும்பும் இன்னொரு 300. மிச்சம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

கான்கிரீட் தளத்தில் கெமிக்கல் ஆங்கரால் (துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் போல்ட்) ஸ்ட்ரக்சரின் காலைப் பதித்து, மேலே சிறு பீடம் கட்டி, நீர்புகாப் பூச்சு போட வேண்டும். ஓட்டை போட்டால் ஒழுகும் என்ற பயம் நியாயமானதுதான், ஒழுகுவது பீடம் கட்டாமல் போல்ட்டை மட்டும் முடுக்கிவிட்டுப் போகும் இடத்தில். சாய்வு 10 முதல் 12 டிகிரி, தெற்கு நோக்கி. அதற்கு மேல் சாய்த்தால் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி. பேனலுக்கு அடியில் துணி காயப்போடலாம், வடாம் பிழியலாம் என்று பத்தடி உயரத்தில் கேட்பவர்கள் நிறைய. செய்து தருவார்கள். உயரம் ஏற ஏறக் காற்றும் ஏறும், குறுக்குத் தாங்கு கம்பி இல்லாத பத்தடி ஸ்ட்ரக்சரை ஏற்காதீர்கள். வாங்கும் பேக்கேஜில் மூன்றடி உயரம் இருந்தால் அதுவே போதும்.

புதுச்சேரி பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் தளம் இருக்கும், மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். அதில் ஆங்கர் பிடிக்காது. சுமையைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் மாற்றும் இரும்புச் சட்டம் வேண்டும், அதற்குக் கட்டிடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

உப்புக் காற்று மெதுவாகத் தின்னும். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம் பக்கமெல்லாம் முன்பே துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டை வெட்டி வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்த ஸ்ட்ரக்சர் வெல்டிங் முனையிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். கேட்க வேண்டியது: வெட்டி, துளையிட்டு முடித்த பிறகு சூடாக முக்கியெடுத்த கால்வனைசிங், 80 மைக்ரான். இடத்துக்கு வந்து வெல்டிங் வைக்கக் கூடாது, எல்லாம் போல்ட். போல்ட் நட்டு துருப்பிடிக்காத எஃகு (எஸ்எஸ்) 304, கடற்கரைக்கு மிக அருகில் என்றால் 316. பேனலுக்கு ஐஇசி 61701 உப்புமூடுபனிச் சோதனைச் சான்று உண்டா என்று பாருங்கள். நல்ல நிறுவனங்களின் தரவுத்தாளில் இது அச்சாகியே இருக்கும்.

பேனல் கேபிள்களைக் கோக்கும் எம்சி4 இணைப்பான்களில் பேனலோடு வருவது ஒரு பிராண்டு, ஆள் கொண்டுவருவது இன்னொரு பிராண்டு என்று கலந்து மாட்டுவார்கள். பார்க்கப் பொருந்தும், உள்ளே தொடுபரப்பு சரியாகப் பொருந்தாது, உப்பு ஈரம் புகுந்து சூடாகி உருகும். டிசி கேபிள் 4 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்பு.

எர்த்திங் மூன்று குழி தனித்தனியாக: ஸ்ட்ரக்சருக்கு ஒன்று, இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. இரண்டில் முடித்துவிடுவது வழக்கமான மிச்சம்பிடித்தல். கடலோர மணலில் கோடையில் எர்த்திங்கின் மின்தடை (ஓம் அளவு) ஏறிவிடும், குழி போட்ட அன்று மழை ஈரத்தில் எடுத்த அளவு மே மாதத்தில் நிற்காது. செம்பு பூசிய தண்டு கேளுங்கள், 5 ஓமுக்குக் கீழே இருப்பதை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் மாட்டினால் ஐந்தடிக்கு மேலே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது கடலூரில் தண்ணீர் வீட்டுக்குள் எந்த உயரம் வந்ததென்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு மேலே மாட்டுங்கள்.

நிழலைப் பார்க்கும்போது தெற்கை மட்டும் பார்ப்பார்கள். நம் அட்சரேகை 12 டிகிரிக்குச் சற்றுக் கீழே. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். வடக்கே ஒட்டி நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படிக் கூண்டும் அந்த நாலு மாதம் நிழல் போடும். டிசம்பரில் வந்து அளந்த ஆள் இதை விட்டுவிடுவார்.

துடைப்பதற்குப் போர்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து வெள்ளைத் திட்டாகக் காய்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடியற்காலையில், நல்ல தண்ணீரில். நெய்வேலிப் பக்கம் நிலக்கரித் தூசும் பனியும் சேர்ந்து படிவதால் பத்து நாளுக்கு ஒரு முறை.

கரன்ட் போனால்?

ஆன்-கிரிட் நின்றுவிடும், பட்டப்பகலிலும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரன்ட் இல்லாதபோது மாடியில் ஆறு பேனல் இருந்தும் ஒரு விளக்கு எரியாது. இதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு.

பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் 5 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரியும் சேர்த்தால் கூடுதலாக ஒரு லட்சத்துக்கு மேல். பேட்டரிக்கு இந்தத் திட்டத்தில் மானியம் இல்லை. ஏற்கெனவே வீட்டில் யுபிஎஸ்ஸும் 150 ஏஎச் பேட்டரியும் இருந்தால் அதுவே விசிறிக்கும் விளக்குக்கும் போதும், சோலாரை ஆன்-கிரிட்டாகவே வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சோலார் இன்வெர்ட்டரின் வெளியீட்டை மெயின் போர்டில், யுபிஎஸ்ஸுக்கு முன்னால் சேர்க்க வேண்டும். யுபிஎஸ் வெளியீட்டு லைனில் சேர்த்துவிட்டால், கரன்ட் போகும்போது யுபிஎஸ் தரும் மின்சாரத்தை இ.பி. என்று நினைத்து சோலார் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும், மின்சாரம் யுபிஎஸ்ஸுக்குள் பின்வழியாகப் பாய்ந்து அதன் போர்டை எரித்துவிடும். பழைய வீடுகளில் எந்த லைன் யுபிஎஸ், எந்த லைன் மெயின் என்று அடையாளமே இருக்காது. ஆளை முதலில் அதைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியது

மானியத்துக்கு டிசிஆர் பேனல் கட்டாயம், அதாவது பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவை. டிசிஆர் அல்லாத பேனல் விலை குறைவு என்பதால் கொட்டேஷனில் 'மோனோ பெர்க் 540 வாட்' என்று மட்டும் எழுதியிருந்தால் டிசிஆர் என்ற சொல்லையும் எழுதி வாங்குங்கள். பேனல் வந்து இறங்கியதும் பின்பக்க வரிசை எண்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு 12இலிருந்து 5 சதவீதம். பொருளும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் வேலை என்று பிரிப்பதால் மொத்தம் 8.9 சதவீதம் வரும். முன்பு 13.8. இன்னும் 13.8 போட்ட கொட்டேஷன் கையில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 3 கிலோவாட்டுக்கு எட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

பேனலுக்கு 12 ஆண்டுப் பொருள் உத்தரவாதம், 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம். இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10 ஆண்டு. கம்பெனி 5 ஆண்டுப் பராமரிப்பு தருவது திட்டத்தின் நிபந்தனை. வருடத்துக்கு எத்தனை வருகை, போல்ட் இறுக்கம் பார்ப்பதும் எர்த்திங் அளப்பதும் அதில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு வருகை என்று நாளையும் சேர்த்து எழுதச் சொல்வது நல்லது.

விண்ணப்பம் பிஎம் சூர்ய கர் தேசிய இணையதளத்தில், மின் இணைப்பு எண்ணைப் போட்டு. மானியம் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கே வரும், ஆகவே பில்லில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று முன்பே பாருங்கள். தாத்தா பெயரில் இணைப்பு இருக்கும் வீடுகளில் பெயர் மாற்றம்தான் முதல் வேலை, பேனல் பிறகு. 'மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி கொடுங்கள்' என்பவரிடம் மானியம் தாமதமானால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இருதிசை மீட்டர் மாட்டுவதற்கு முன் இன்வெர்ட்டரை ஓடவிடாதீர்கள். பழைய மீட்டர்களில் பல, வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே எண்ணும், பில் ஏறும். மீட்டர் மாட்டிய அன்று வரவு, ஏற்றுமதி இரண்டு அளவுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வெயிலான ஒரு நாளில் 2 கிலோவாட் அமைப்பு இன்வெர்ட்டர் திரையில் 8 முதல் 10 யூனிட் காட்ட வேண்டும். 6க்குக் கீழே என்றால் நிழல் அல்லது இணைப்பான் கோளாறு. கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்.